கட்டம் கட்டமாகச் சோலார்: கிரிட் இல்லாத கிராமத்து வீட்டுக்கான கேள்வி பதில்கள்

மின்கம்பி வந்து சேராத வீடு, அல்லது வந்திருந்தும் நம்ப முடியாத வீடு. அங்கே சொந்தமாக மின்சாரம் ஏற்பாடு செய்ய நினைக்கும் பலராலும் மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் போட முடிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்பது நல்ல யோசனைதான். எதைக் கொஞ்சமாக வாங்கலாம், எதை முதல் நாளே முழுசாக முடிவு செய்யவேண்டும் என்று தெரியாமல் இறங்கும்போதுதான் பணம் வீணாகிறது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

முழுத் திட்டத்தையும் இப்போதே போடவேண்டுமா?

காகிதத்தில் போடுங்கள், கடையில் வேண்டாம். சில வருஷம் கழித்து இந்த வீட்டில் என்னென்ன ஓடவேண்டும் என்று முதலில் எழுதுங்கள்: விளக்கு, ஃபேன், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், எல்லாமே. அந்தக் கடைசிக் கட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதன் முதல் துண்டை மட்டும் இப்போது வாங்குங்கள். இன்றைக்கு நாலு பல்புக்கு ஒரு சின்ன செட், அடுத்த வருஷம் ஃபேனுக்கு வேறொரு செட் என்று போனால் எதுவும் எதோடும் சேராது. மூன்றாவது வருஷம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாளில் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதிலிருந்து. ஒவ்வொரு பொருளுக்கும் வாட்டை மணிநேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்.

ஒரு முதல் கட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். 9 வாட் எல்இடி பல்பு ஐந்து, தினம் 5 மணி நேரம்: 225. பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை) இரண்டு, தலா 30 வாட், 10 மணி நேரம்: 600. இன்டர்நெட் மோடம் 10 வாட், நாள் முழுக்க: 240. லேப்டாப் 50 வாட், 4 மணி நேரம்: 200. இரண்டு போன் சார்ஜ்: 30. மொத்தம் 1,295 வாட்-மணி, அதாவது சுமார் 1.3 யூனிட்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். பழைய வகை சீலிங் ஃபேனாக இருந்தால் ஒன்றுக்கு 70 முதல் 80 வாட் போகும். ஃபேன் கணக்கு மட்டும் 1.5 யூனிட்டுக்கு ஏறிவிடும். இரண்டு ஃபேனை மாற்றுவது, அந்தக் கூடுதல் மின்சாரத்துக்காகப் பேனலும் பேட்டரியும் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. இன்னொன்று, இன்வெர்ட்டர் (பேட்டரியின் நேர்மின்சாரத்தை, அதாவது டிசியை, வீட்டில் ஓடும் மாறுமின்சாரமாக, அதாவது ஏசியாக, மாற்றும் பெட்டி) சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே மின்சாரம் தின்னும். 20 வாட் என்றால் ஒரு நாளைக்கு 480 வாட்-மணி. ஆக, நம் 1.3 யூனிட் உண்மையில் 1.8 யூனிட். பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்புறம் பேட்டரி ஏன் விடிவதற்குள் இறங்கிவிடுகிறது என்று குழம்புகிறார்கள்.

பேட்டரி அமைப்பு 12 வோல்ட்டா, 24ஆ, 48ஆ?

பிரிட்ஜோ மோட்டாரோ என்றைக்காவது வரப்போகிறது என்றால் முதல் நாளே 48 வோல்ட்டில் தொடங்குங்கள். திட்டத்தில் பின்னால் மாற்ற முடியாத முடிவு இது. சார்ஜ் கன்ட்ரோலர்களில் (பேனல் மின்சாரத்தை அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி) பல எல்லா வோல்ட்டேஜுக்கும் ஒத்துப்போகும். இன்வெர்ட்டர், பேட்டரி, டிசி பொருட்கள் அப்படியில்லை.

காரணம் கம்பியில் இருக்கிறது. 600 வாட் லோடு ஒன்றை 10 மீட்டர் தள்ளி, 10 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். போக வர 20 மீட்டர், கம்பியின் மின்தடை சுமார் 0.034 ஓம். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் ஓடும். வழியிலேயே 1.7 வோல்ட் தொலையும், அது 14 சதவீதம். கம்பி 86 வாட்டைச் சூடாக்கியே வீணடிக்கும். அதே லோடு, அதே கம்பி, 48 வோல்ட்டில் 12.5 ஆம்பியர்தான். இழப்பு 5 வாட்டைச் சற்றே தாண்டும். வோல்ட்டேஜ் நாலு மடங்கு ஏறினால் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது.

விளக்கும் போன் சார்ஜும் மட்டும்தான், அதற்கு மேல் எப்போதும் வேண்டாம் என்றால் 12 வோல்ட் தாராளமாகப் போதும். 24 வோல்ட் நடுவில் நிற்கும் அளவு. 2,000 வாட்டைத் தாண்டவே மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த சின்ன வீட்டுக்கு அது பொருந்தும்.

முதல் கட்டத்திலேயே பெரிதாக வாங்கவேண்டியவை எவை?

சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போகிற எல்லாமும். கூரையிலிருந்து பேட்டரி அறை வரை கேபிள் போகும் பைப்பைக் கடைசிக் கட்டத்துக்கான தடிமனில் போட்டு, பின்னால் கேபிள் இழுக்க உள்ளே ஒரு கயிறு விட்டு வையுங்கள். பேனல் ஸ்டாண்டை ஆறு பேனலுக்கு அடித்து மூன்றை மட்டும் மாட்டலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள பஸ்பார் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டை) கூடுதல் துளைகளோடு இருக்கட்டும். சார்ஜ் கன்ட்ரோலரையும் ஒரு அளவு கூட்டியே வாங்கலாம்.

வீட்டு ஒயரிங்கில் விளக்கு, ஃபேன், மோடம் ஒரு லைன், பிரிட்ஜ் தனி லைன், மோட்டாரும் வாஷிங் மெஷினும் தனி லைன் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பேட்டரி குறைந்த நாளில் பெரிய லைனை மட்டும் அணைத்துவிட்டு விளக்கோடு இருக்கலாம். பின்னால் இரண்டாவது இன்வெர்ட்டர் வந்தாலும் சுவரை உடைக்காமல் மாற்றிக் கொடுக்கலாம். பூச்சு முடிந்தபின் இதைச் செய்வது பெரும்பாடு.

சின்னதாகத் தொடங்கிப் பின்னால் கூட்டுவதற்கு வசதியானது பேனல். அடுத்தது, ஒரு நிபந்தனையோடு, லித்தியம் பேட்டரி.

எத்தனை பேனல்? எப்படி இணைப்பது?

ஒரு நாள் தேவையை, வருஷத்திலேயே வெயில் குறைந்த மாதத்தின் முழு வெயில் மணிநேரத்தால் (நாள் முழுக்க விழும் வெயில், உச்சி வெயில் பலத்தில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்ற எண்) வகுத்து, அதை மீண்டும் 0.7ஆல் வகுங்கள். சூடு, தூசி, கம்பி, பேட்டரி இழப்புகளுக்காக அந்த 0.7. முழு வெயில் மணிநேரம் 4 என்றால் நம் 1.8 யூனிட்டுக்குச் சுமார் 640 வாட் பேனல் வரும். 400 வாட் பேனல் இரண்டு போதும்போலத் தெரியும்.

ஆனால் 48 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு பேனல் சரிப்படாது. இன்றைய 400 வாட் பேனல்கள் பலவற்றில் வேலை செய்யும் வோல்ட்டேஜ் சுமார் 31. இரண்டைத் தொடராக (ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸோடு) இணைத்தால் 62. வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது அது 55 பக்கம் இறங்கிவிடும். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி நிரம்ப 56க்கு மேல் வேண்டும். நல்ல மதிய வெயிலில்தான் சார்ஜ் நின்றுபோகும்!

சரி, நாலு போடலாமா? திறந்த நிலையில், அதாவது கரண்ட் எதுவும் எடுக்காதபோது, ஒரு பேனலின் வோல்ட்டேஜ் சுமார் 37, நாலுக்கு 148. கன்ட்ரோலரில் 150 என்று எழுதியிருக்கிறதே, பொருந்துகிறதே என்று தோன்றும். அந்த 37 என்பது 25 டிகிரிக்கான எண். குளிர்ந்தால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம் ஏறும். 10 டிகிரிக் காலையில் முதல் வெளிச்சம் பட்டதும் 154 வோல்ட் வந்து கன்ட்ரோலரை எரித்துவிடக்கூடும். மூன்று பேனல் என்றால் 111, உறைநிலைக் குளிரிலும் 120க்குள் நிற்கும். ஆக, மூன்று மூன்றாகக் கூட்டுவதுதான் இந்த அமைப்பின் இயல்பான படி. முதல் கட்டம் 1,200 வாட், அடுத்தது இணையாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இன்னொரு மூன்று, 2,400 வாட். அப்போது பேட்டரிப் பக்கம் 46 ஆம்பியர் வரை வரும் என்பதால் 60 ஆம்பியர் எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும்) வகைக் கன்ட்ரோலரை முதலிலேயே வாங்கிவிட்டால் பிறகு மாற்றவேண்டாம். மூன்றாவது வரிசையும் வந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி பியூஸ் போடவேண்டும்.

வாங்கும் பேனலின் பின்பக்கத்து லேபிளில் உள்ள எண்களை வைத்து இதே கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுவிடுங்கள். அடுத்த கட்டத்தில் அதே மாடல் கிடைக்காமல் போகலாம். அதனால் அந்த லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்.

ஈய பேட்டரியா, லித்தியமா?

கட்டம் கட்டமாகப் போகும் வீட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பேன். ஆயுள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பின்னால் கூட்டும் வசதி.

ஈய பேட்டரி பேங்கில் (சேர்த்து இணைத்த பேட்டரித் தொகுப்பில்) பழையதோடு புதியதைச் சேர்க்கக் கூடாது. தொடர் இணைப்பில் இருக்கும் பழசு முதலில் நிரம்பி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், இறங்கும்போதும் அதுவே முதலில் காலியாகும். மிச்சமுள்ள நல்ல பேட்டரிகளையும் சேர்த்துக் கெடுக்கும். வாங்கிய முதல் சில மாதங்களுக்குள் என்றால் பரவாயில்லை, இரண்டு வருஷம் கழித்து என்றால் மொத்த பேங்கையும் மாற்றவேண்டியதுதான். போதாததற்கு, ஆயுள் வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நாலு சேர்ந்தால் பெயருக்கு 7.2 யூனிட், கையில் கிடைப்பது 3.6தான். சார்ஜ் கரண்டும் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். இங்கே அது 15 ஆம்பியர், ஏறத்தாழ 840 வாட். 'பேட்டரியைப் பெரிதாக வாங்கிவிடுவோம், பேனலை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இறங்குபவர்களின் ஈய பேட்டரி நாளெல்லாம் அரைகுறையாக நின்று தட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும்.

48 வோல்ட் அமைப்புக்கான 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று 5.1 யூனிட். அதில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம். அரைகுறையாக நின்றாலும் அதற்குக் கேடில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொன்றை இணையாகச் சேர்க்கலாம். நிபந்தனை இதுதான்: அதே வோல்ட்டேஜ், அதே வேதியியல், முடிந்தால் அதே தயாரிப்பு. சேர்ப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து வோல்ட்டேஜைச் சமமாக்கவேண்டும், இல்லையென்றால் இணைத்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் பாயும். இரண்டுக்கும் கேபிள் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

ஈயத்துக்கும் இடம் உண்டு. உறைநிலைக்குக் கீழே போகிற ஊரில் சூடு இல்லாத அறையில் லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது, ஈயத்தை மெதுவாகச் செய்யலாம். கைப்பணம் ரொம்பக் குறைவு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால் டியூபுலர் வகை ஈய பேட்டரி நல்ல வேலைக்காரன். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம், படுக்கையறையில் வைக்கக் கூடாது.

மேகமூட்டத்துக்கு எத்தனை நாள் பேட்டரி வைத்துக்கொள்வது?

இரண்டு நாள். அதற்கு மேல் தாங்கவேண்டும் என்று பேட்டரியைக் கூட்டுவதைவிடப் பேனலைக் கூட்டுங்கள். மேகம் மூடிய நாளிலும் பேனல் கொஞ்சம் தரும், மூன்று பேனல் தருவதைவிட ஆறு பேனல் இரண்டு மடங்கு தரும். பேட்டரி எத்தனை பெரிதானாலும் தானாக எதையும் உண்டாக்காது.

இன்வெர்ட்டரைப் பெரிதாகவே வாங்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பெரிய இன்வெர்ட்டர்கள் சிலவற்றின் சும்மா நிற்கும் செலவு 50 வாட். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், நம் முதல் கட்டத்தின் மொத்த லோடுக்கு ஈடு! முதல் கட்டத்துக்கு 48 வோல்ட்டில் 1,000 வாட் அளவில் சின்னதாக ஒன்று வாங்குங்கள், சுத்த சைன் அலை (கிரிட் மின்சாரம்போலச் சீரான அலை தரும்) வகையாக. மோட்டார் வரும்போது பெரியதை வாங்கி, வேலை இருக்கும் நேரம் மட்டும் ஆன் செய்யலாம். சின்னது விளக்கையும் பிரிட்ஜையும் இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஒன்று பழுதானாலும் வீடு இருட்டாகாது என்பது இதில் கிடைக்கும் பெரிய நிம்மதி. இரண்டு இன்வெர்ட்டரின் ஏசி வெளியீட்டையும் எங்கேயும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அப்படி இணைவதற்கென்றே செய்த மாடல்கள் தவிர மற்றவை உடனே எரிந்துபோகும்.

பிரிட்ஜ் எந்தக் கட்டத்தில்?

இரண்டாவதில். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளதாகப் பாருங்கள், கிளம்பும்போது இழுப்பு குறைவு. இதனோடு இரண்டாவது வரிசைப் பேனலும் வந்துவிடட்டும்.

தண்ணீர் மோட்டாரை எப்படிச் சமாளிப்பது?

மின்சாரத்தைப் பேட்டரியில் சேமிப்பதைவிடத் தண்ணீரை மேல்தொட்டியில் சேமிப்பது எளிது. 1,000 லிட்டரை 30 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது 82 வாட்-மணிதான். பம்ப், பைப் இழப்பெல்லாம் சேர்த்தாலும் நல்ல பம்ப் 200 முதல் 250 வாட்-மணியில் முடித்துவிடும். சிக்கல் அளவில் இல்லை, கிளம்பும் நொடியில்தான் இருக்கிறது. 1 எச்பி சாதாரண மோட்டார் ஓடும்போது 1,000 வாட் சுமாருக்கு எடுக்கும், கிளம்பும்போது அதன் மூன்று முதல் ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரும் கேபிளும் பியூஸும் பெரிதாகவேண்டியிருக்கிறது.

அதனால் என் சிபாரிசு தனிப் பேனலில் நேரடியாக ஓடும் சோலார் பம்ப். வெயில் ஏறும்போது தானே மெதுவாகக் கிளம்பும், இறங்கும்போது நிற்கும். வீட்டு பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே இதை எந்தக் கட்டத்திலும் செய்யலாம். மூன்று நாள் தண்ணீர் பிடிக்கும் தொட்டி இருந்தால் போதும்.

வெந்நீர், சமையல்?

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 2.9 யூனிட் வேண்டும். முதல் கட்டத்தில் வீடு முழுவதும் ஓட 1.8 போதுமாயிருந்தது. வெந்நீருக்குச் சோலார் ஹீட்டரைத் தனியாக வையுங்கள், சமையலுக்கு கேஸ் அல்லது விறகு. கடைசிக் கட்டத்தில் பகலில் பேட்டரி நிரம்பி மிச்சம் இருந்தால் இன்டக்‌ஷன் அடுப்பை வெயில் நேரத்தில் பயன்படுத்தலாம்.

ஜெனரேட்டர் வேண்டுமா?

அடைமழைக் காலத்தில் கைகொடுக்கும். குறைந்த லோடில் நாளெல்லாம் உறும விடாதீர்கள், எரிபொருள்தான் வீணாகும். நல்ல பேட்டரி சார்ஜர் ஒன்றோடு இணைத்து, இரண்டு மூன்று மணி நேரம் நல்ல லோடில் ஓட்டி நிறுத்திவிடுங்கள். ஈய பேட்டரி என்றால் விடியலில் ஓட்டுவது நல்லது. கடைசி 20 சதவீதம் ரொம்ப மெதுவாக ஏறும், அதை வெயிலுக்கு விட்டுவிடலாம்.

பாதுகாப்பில் எதில் கஞ்சத்தனம் கூடாது?

பேட்டரி பியூஸில். பேட்டரியின் முனைகள் தவறி ஒன்றாகிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஒரு ஸ்பேனர் விழுந்தாலே போதும். சாதாரண பியூஸ் அத்தனை கரண்டைத் துண்டிக்க முடியாமல் உள்ளேயே நெருப்புப் பொறி நீண்டு எரியும். லித்தியத்துக்கு அத்தனை கரண்டையும் துண்டிக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை பியூஸ், பிளஸ் முனைக்கு எத்தனை பக்கத்தில் வைக்க முடியுமோ அத்தனை பக்கத்தில். பேட்டரி இரண்டானால் பியூஸும் இரண்டு. பணம் போதவில்லை என்றால் ஒரு பேனலைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

ஏசி பிரேக்கரை டிசியில் போடவே கூடாது. ஏசி கரண்ட் ஒரு நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டிசியில் அப்படி ஒரு இடைவெளி கிடையாது. டிசி பிரேக்கர்களிலும் பிளஸ் மைனஸ் குறி போட்ட வகை உண்டு, மாற்றி மாட்டினால் ஆபத்தான நேரத்தில் பொறியை அணைக்காது. பேனல் கேபிளின் பிளக்குகளை வெயில் இருக்கும்போது, லோடு ஓடும்போது பிடுங்காதீர்கள். வெவ்வேறு கம்பெனி பிளக்குகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் சரியாகக் கவ்வாது. கொஞ்ச நாளில் அந்த இணைப்பு சூடாகி உருகும்.

பேனல் ஸ்டாண்ட், இன்வெர்ட்டர் பாடி எல்லாவற்றுக்கும் எர்த்திங், டிசி பக்கமும் ஏசி பக்கமும் சர்ஜ் புரொடக்டர் (திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் கருவி). திறந்தவெளியில் தனியாக நிற்கும் வீட்டுக்கு மின்னல் நிஜமான ஆபத்து. ஒயரிங்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம், டிசி வேலை தெரிந்தவராகப் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்து வாங்கவேண்டியது பேனலா பேட்டரியா என்று எப்படித் தெரியும்?

ஒரு ஷன்ட் வகை பேட்டரி மானிட்டரை (பேட்டரிக்குப் போகும் வரும் கரண்டை அளக்கும் மீட்டர்) முதல் கட்டத்திலேயே மாட்டிவிடுங்கள். லித்தியத்தின் வோல்ட்டேஜ் நடுவில் ஏறக்குறைய தட்டையாகவே நிற்பதால் வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணினால்தான் தெரியும். காலை எழுந்ததும் ஒரு தடவை, மாலை வெயில் இறங்கும்போது ஒரு தடவை சதவீதத்தைக் குறித்து வையுங்கள்.

நல்ல வெயில் நாளில் பதினொரு மணிக்கே நிரம்பிவிடுகிறது, ஆனால் விடிவதற்குள் காலியாகிறது என்றால் பேட்டரி வேண்டும். மாலை வரைக்கும் நிரம்பவே இல்லை என்றால் பேனல் வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்கினால் இன்வெர்ட்டரையோ கேபிள் இணைப்பையோ பாருங்கள். வெயில் குறைந்த காலம் ஒன்றையாவது இப்படிக் கடந்தபிறகு அடுத்த கட்டத்துக்குப் பணம் எடுப்பது நல்லது. கோடையில் நிறைந்து வழிந்தது மழைக்காலத்தில் பாதியாகும்.

வீட்டில் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கவேண்டும்?

அணைக்கும் வரிசையை. முதலில் வீட்டு லோடு, அடுத்து இன்வெர்ட்டர், அப்புறம் பேனல் ஐசொலேட்டர் (பேனலைத் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில்தான் பேட்டரி. மறுபடி ஆன் செய்யும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, அப்புறம் பேனல், இன்வெர்ட்டர், லோடு. பேனல் இணைந்திருக்கும்போது பேட்டரியை மட்டும் கழற்றினால் கன்ட்ரோலர்கள் பலவும் கெட்டுவிடும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சுவிட்சிலும் 1, 2, 3, 4 என்று ஒட்டி, பேட்டரி அறைக் கதவின் உட்பக்கம் இணைப்பு வரைபடத்தோடு மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்த வரைபடத்தையும் மாற்றி வரையவேண்டும்.